பாக்கியத்தை அழைத்துவரப் போனது

மார்கழி 3, புதன். பிரிக்பீல்ட்ஸ்

விடியலிலிருந்து தூறல். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றினேன். பின் டயர் வழுக்கை. மலை ஏறி இறங்கும் வரை தாங்கினால் போதும். ரயில்வே பட்டறையில் லீவு கிடைத்தது, போர்மன் முகச்சுளிப்போடு.

என் மனைவி வேலை செய்யும் வீட்டு டிரைவர் சின்னசாமி நேற்றுச் சொன்னது இன்னும் காதில். "அண்ணே, எங்க தொர குடும்பம் சீமைக்குப் போறாங்க. புள்ளைங்கள பாத்துக்க அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. சனிக்கிழம கப்பல். வெள்ளிக்கிழம சாயந்திரம் மலையிலேருந்து எறங்குறோம்."

என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் எதைக் கேட்டேன்? குழந்தை போன பிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிரேசர் மலைக்கு ஆயா வேலைக்குப் போகிறேன் என்றாள் பாக்கியம். சரி என்றேன். வருஷம் ஒன்றாகிறது.

போகாதே, வீட்டுக்கு வா என்று நேரில் சொல்ல வேண்டும். துறைமுகக் கூட்டத்தில், துரைசானி முன்னால், எனக்கு வாய் வராது. மலையில் என்றால் சமையற்கட்டுப் பக்கம் போய்ச் சொல்லிவிடலாம்.

எடுக்க: ஸ்பானர், பங்சர் சாமான், பெட்ரோல் டின், ரொட்டி. பா.வின் பழைய சிவப்புச் சால்வை, தலைக்குக் கட்ட.

மார்கழி 4, வியாழன். குவாலா குபு

மழை. ரவாங் தாண்டிச் செயின் அறுந்தது. ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து மாட்டினேன். பேச ஆள் இல்லை. வண்டியைத் திட்டினேன்.

வழியில் ஒரு துரையின் கார். கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, தலை குனிந்து நின்றேன். கிள்ளான் தோட்டத்தில் பிறந்த உடம்பு. அங்கே துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்காதவனுக்கு வேலை போய்விடும். நான் தோட்டத்தை விட்டு வந்து எவ்வளவோ காலம். கால் மட்டும் இன்னும் வரவில்லை. பா. இதற்கென்றே கேலி செய்வாள். "நீங்க ஒழைச்சு வாங்குன வண்டி. எதுக்கு எறங்குறீங்க?"

சீனர் கடை மாடியில் இடம். காப்பி நல்ல சூடு. எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன். "போவாத, பாக்கியம்." பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். நிறுத்திவிட்டேன்.

மார்கழி 5, வெள்ளி. காலை. கேப்

குளிர். பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பல் தந்தியடிக்கிறது. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் பனி. எதிரே ஒரு மனுஷர் இல்லை, காட்டுக்குள் குரங்குக் கூச்சல் மட்டும். இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. பொய். வீட்டில் இருந்திருக்கிறேன்.

கேப் என்கிற இந்த இடத்திலிருந்து உச்சிக்கு ஒற்றை வண்டிப் பாதை. கொஞ்ச நேரம் மேலிருந்து இறங்க விடுவார்கள், பிறகு கீழிருந்து ஏற விடுவார்கள். இப்போது இறங்கும் முறை. கேட்டில் மலாய்க் காவலர். "துங்கு, துங்கு லா," காத்திரு என்கிறார். கேட் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கறுப்புக் கார் ஒன்று இறங்கி வந்தது. எழுந்து, தலை குனிந்து நின்றேன். ஏனோ ஊர்ந்து ஊர்ந்து போனது. அது போய்த் தொலையும் வரை பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட் திறக்கிறார்கள்.

அன்று மாலை. மலை பங்களா

அவள் இல்லை.

சமையற்காரர்: "ரோட்டுல மண்ணு சரியுதுன்னு காலையிலயே கெளம்பிட்டாங்களே! கறுப்புக் காரு. வழியில பாக்கலியா?"

பார்க்கவில்லை. குனிந்திருந்தேன்.

உடனே திரும்பப் பார்த்தேன். நான் ஏறிய பிறகு கீழே பெரிய சரிவாம், பாதை அடைபட்டுவிட்டது. பா. தங்கியிருந்த அறையிலேயே படுக்கச் சொன்னார்கள். வெறும் கட்டில், ஒரு கொடிக்கயிறு. அழுதேன்.

மார்கழி 6, சனி

மண்ணை வெட்டி ஒதுக்க மதியமாகிவிட்டது. பனியில் கண்மண் தெரியாமல் இறங்கினேன். ஒரு வளைவில் பின் டயர் வழுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. எழுந்து ஓட்டினேன்.

துறைமுகம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கப்பல் காலையிலேயே போய்விட்டது.

மார்கழி 8, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்

மழை. சின்னசாமி பட்டறை வாசலுக்கு வந்தான். நேரே பார்க்கவில்லை.

"அண்ணே, மலை கேட்டுப் பக்கத்துல செவப்புச் சால்வையோட நின்னது நீங்கதானே?"

நான்தான். நீ ஒரு ஹாரன் அடித்திருக்கலாமே என்றேன். பிறகு நானே, காரில் துரை இருக்கும்போது எப்படி அடிப்பாய் என்றேன்.

"தொர எங்க இருந்தாரு? அவரும் தொரசானியும் முந்தின நாளே எறங்கிட்டாங்க. பின்னால அக்காவும் புள்ளைங்களுந்தான்."

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அக்காதான் மொதல்ல பாத்தாங்க. நிறுத்தட்டான்னு கேட்டேன். மெதுவா போ, அவரு நிமிந்து பாத்தா நிறுத்துன்னாங்க." போகத் திரும்பியவன், "மெதுவாத்தாண்ணே போனேன்," என்றான்.

மார்கழி 10, புதன்

மழை இல்லை. டயர் மாற்றினேன். கிள்ளான் ரோட்டில் எதிரே ஒரு துரை கார். இறங்கவில்லை. நிமிர்ந்து உள்ளே பார்த்தேன். யாரோ.