பத்து வயதுக்காரியின் நாற்காலி

மார்ச் 4, புதன்

இன்று மூன்று மணிக்கு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்ற நேரமெல்லாம் இந்த ஆபீசில் கூட்டுவதும் துடைப்பதும் டீ போடுவதும்தான் என் வேலை. புதன்கிழமை மட்டும் எடிட்டரம்மாவின் மேஜைக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி உண்டு. பிள்ளைகளுக்காக இங்கே நாடு நாடாகப் புத்தகம் போடுகிறார்கள். அங்கே யார் ஆண்டார்கள், எந்த ஆறு ஓடுகிறது, காட்டில் என்ன மிருகம் இருக்கிறது, எல்லாம் படத்தோடு. அச்சுக்குப் போகும் முன்னால் அதை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தடுக்கும் என்று எடிட்டரம்மா பென்சிலால் சுழித்துக்கொள்வார். அப்புறம் அதை எளிசாக்குவார், இல்லாவிட்டால் வெட்டுவார். படிப்பு இல்லை என்பதற்காகவே கூப்பிட்டு உட்கார வைத்த இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இன்று பாலைவன நாடு. நாற்பது பக்கம். இரண்டே இடத்தில்தான் தடுக்கியது.

“என்னக்கா, ரெண்டே சுழியா? நீங்க இப்படித் தேறிட்டா நான் வேற ஆளத்தான் தேடணும்” என்று சிரித்தார்.

“தேடுங்க, தேடுங்க. என்னை மாதிரி மக்கு லேசுல கிடைக்குமா?” என்றேன்.

படம் போடுகிறவரும் சிரித்தார். அவருக்கு நான் வைத்த பெயர் ஒட்டகம். கழுத்து அப்படி. இந்தப் புத்தகத்துக்கு அவரே கண்ணாடி பார்த்துப் படம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வேற ஆளத்தான் தேடணும். விளையாட்டுக்குத்தானே சொன்னார்?

மார்ச் 8, ஞாயிறு

இன்று முழுக்க நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை. பால்காரரிடம் “ஒண்ணு” என்றேன். அதையும் விரலைக் காட்டியே முடித்திருக்கலாம்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. முன்னெல்லாம் ரெண்டு வாங்குவோம்.

மார்ச் 11, புதன்

எரிமலை நாடு. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஆனால் ஒன்பது இடத்தில் தடுக்கினேன்.

முதல் பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஓட ஓட பயம் வந்துவிட்டது. எடிட்டரம்மா பென்சிலை மேஜையில் வைத்துவிட்டார். உடனே “நில...நிலந...” என்று இழுத்தேன். பென்சில் கைக்கு வந்தது. அப்புறம் விடுவேனா?

“இன்னைக்குத்தான்க்கா நீங்க நீங்களா இருக்கீங்க” என்றார்.

ஆமாம்மா.

மார்ச் 25, புதன்

தடுக்குவதற்கும் தொழில் தெரிய வேண்டும். பெரிய வார்த்தையில் மட்டும் தடுக்கினால் சந்தேகம் வரும். நடுவில் ஒரு சின்ன வார்த்தையிலும் கால் இடற வேண்டும். ரெண்டு பக்கம் சும்மா விட வேண்டும். ஒரு தடவை மூக்கைச் சொறிய வேண்டும்.

ஒட்டகம்தான் கேட்டார். “போன மாசம் இதே வார்த்தைய டக்குனு வாசிச்சீங்களேக்கா?”

“அன்னைக்கு உங்களப் பாக்காம வாசிச்சேன். இன்னைக்குப் பாத்துட்டேன், கண்ணு கெட்டுப்போச்சு.”

நன்றாகச் சிரித்தார். சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. இது எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மழை. புதனுக்கு இன்னும் மூன்று நாள்.

ஏப்ரல் 15, புதன்

தீவு நாடு. இருபத்தேழாம் பக்கம் போகும்போது இன்றைக்கு நாலு சுழிதான் ஆகியிருந்தது. போதாது என்று தோன்றியது. ஒரு பாரா, ஆரம்பத்திலேயே ‘ஆல்பட்ராஸ்’ என்று ஒரு பறவையின் பெயர். பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்கிவிட்டு, “ஆல்...ஆல்ப...போங்கம்மா, இதுக்குப் பல்லு வேற வேணும்” என்றேன்.

எடிட்டரம்மா யோசிக்கக்கூட இல்லை. “இந்தப் பாராவே வேணாம்க்கா. ஏற்கெனவே பக்கம் வழியுது” என்று குறுக்கே ஒரு கோடு போட்டார்.

திருத்தி முடித்த தாள்களை என்னிடம்தான் கொடுப்பார். அதன் பின்பக்கத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். இன்று எழுத உட்கார்ந்து தாளை எடுத்தால், திருப்பிப் போட்ட பக்கத்தில் அந்தக் கோடு. கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்தேன்.

பெரிய கடல் பறவை அது. இறகு முளைத்துப் பறக்கக் கற்றதும் தனியாகக் கடலுக்குப் போய்விடுமாம். பல வருஷம் தரையில் கால் வைக்காதாம். அலைமேலேயே தூக்கம், அலைமேலேயே சாப்பாடு. அப்புறம் ஒருநாள், தான் பிறந்த தீவுக்கே திரும்பி வந்து ஒரு துணையைத் தேடிக்கொள்ளுமாம். அதற்கப்புறம் ரெண்டும் வேறு வேறு திசையில் போனாலும் கூடு கட்டும் காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேருமாம். முதலில் வந்தது மற்றதுக்காகக் காத்திருக்குமாம்.

நாலு தடவை படித்தேன். எங்கும் தடுக்கவில்லை. கடைசி வரியில் மட்டும் நின்றேன், அது வார்த்தையால் இல்லை.

என்னடி பண்ணி வச்சிருக்க? நாற்காலி போயிரும்னு பயந்து பயந்து, எந்தப் புள்ளைக்கோ போக வேண்டியத நீ பிடுங்கிட்டியேடி. அது எத்தனை புள்ளைங்க? உனக்கென்ன, படிச்சாச்சு. அதுங்களுக்கு? இன்னும் எதையெல்லாம் பிடுங்கினேனோ. எரிமலையில் ஒன்பது. அப்புறம் கணக்கே வைக்கவில்லை.

சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

சொல்லத்தான் போனேன். டீயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தாளை நீட்டி, “இதைக் கொஞ்சம் கேளுங்கம்மா” என்று நின்றபடியே படித்தேன். ஆல்பட்ராஸ், இறக்கை, தீவு, எல்லாம். முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

“எத்தனை நாளா?”

“ஆறு வாரமா.”

“எதுக்குக்கா?”

ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “மூணு மணி போயிருமேன்னுதான்” என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

“ரெண்டு புத்தகம் கடைக்கே போயிருச்சுக்கா. நல்லா இருந்த வரியெல்லாம் நீங்க தடுக்கினீங்கன்னு, பல்லில்லாதவங்களுக்கு அரைச்சுக் குடுக்கற மாதிரி அரைச்சு வச்சிருக்கேன். இனிமே அத எப்படி எடுக்கறது?”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பழைய தாளெல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, பின்னால் என் கிறுக்கல்தான் இருக்கிறது என்றேன். “அத நான் படிக்க மாட்டேன். கொண்டு வாங்க” என்றார். வீட்டுக்கு ஓடி எடுத்து வந்து கொடுத்தேன். இந்தத் தாள் மட்டும் பாக்கி.

தீவு நாட்டில் அந்தப் பாராவைச் சேர்ப்பாரா என்று கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

நாற்காலியில் வாட்ச்மேன் அண்ணன். அவரும் நாலாவதுதான். கதவுக்கு வெளியே நடையில் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக எறும்பு ஊர்கிற மாதிரி போகிறார். நிஜமான தடுக்கல். என்னுடையதைவிட எவ்வளவோ மோசம், எவ்வளவோ நேர்த்தி.

வெளியே வந்ததும் என்னிடம், “தலை சுத்துது தங்கச்சி. கேட்டுல நின்னப்பகூட இவ்வளவு வேர்த்ததில்ல” என்றார்.

“பழகிருங்கண்ணே. ஆனா ரொம்பப் பழகிராதீங்க” என்றேன்.

எடிட்டரம்மா டீயை வாங்கும்போது தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 29, புதன்

அந்த நடையைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல் ஆகிவிட்டது.

மே 3, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய நோட்டு இது. தாளைத் திருப்பினால் அங்கேயும் வெறும் பக்கம்தான், எந்த நாடும் இல்லை.

மே 13, புதன்

தீவு நாடு அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். யாரும் பார்க்காதபோது இருபத்தேழாம் பக்கம் திருப்பினேன். இருக்கிறது. எழுத்தை ஒரு சுற்று சின்னதாக்கி இடம் பண்ணியிருக்கிறார்கள். ஒட்டகம் ஒரு படமும் போட்டிருக்கிறார், ஒரு பறவை பாறையில் நிற்கிறது. அதன் கழுத்து கொஞ்சம் நீளம்தான். சொல்லவில்லை.

மே 20, புதன்

மூன்று மணிக்கு நடைப்பக்கம் போகாமல் பாத்திரம் தேய்த்தேன். கிளம்பும்போது வாட்ச்மேன் அண்ணன் ஒரு கட்டு கொடுத்தார். “உள்ள இருந்து குடுக்கச் சொன்னாங்க.”

வேறொரு நாடு, அறுபது பக்கம். மேலே ஒரு துண்டுச் சீட்டு. ‘அக்கா, தடுக்குற இடம் அண்ணன் சொல்லிடுவார். எதை வெட்டக் கூடாதுன்னு நீங்க கோடு போட்டு, திங்கக்கிழமை குடுங்க.’ அவ்வளவுதான். உள்ளே வரச் சொல்லி எழுதவில்லை. ரெண்டு தடவை பார்த்தேன், இல்லை.

சமையலை ஒதுக்கிவைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மனசுக்குள் படித்தாலே போதும், கேட்க ஆளில்லை. ஆனாலும் சத்தமாகத்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும்.

பதினோரு பக்கம் ஆயிற்று. முப்பத்திரண்டு இடத்தில் கோடு போட்டுவிட்டேன். இப்படியே போனால் அந்தம்மாவால் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. என்னை உள்ளே கூப்பிட்டுத் திட்டத்தான் வேண்டியிருக்கும்.