நான்காவது படி நஷ்டம்

மரியே வாழ்க

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 1962

அன்பு மகன் ஆரோக்கியதாசுக்கு, சின்னம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீ பிலாயில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த அளவுக்குச் சுகம்தான்.

புதுவீடு மந்திரித்த அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே உள்ளே போனார், பின்னால் உன் அப்பா என் தோளில் கையை வைத்துப் படியேறினார். பந்தலில் இருந்த எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், "இவளுக்கு உசரம்னா பயம்ப்பா, நாந்தான் கைபிடிச்சு ஏத்த வேண்டியிருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா சவரிராயன், "ரெண்டாங் கல்யாணம் பண்ணி இத்தனை வருசமாகியும் அண்ணனுக்கு மாப்பிள்ளை முறுக்கு போகல" என்றார். அவருடைய முழுப்பாரமும் என் தோளில்தான் இருந்தது, இடது கால் நடுங்குவது எனக்கு மட்டும் தெரிந்தது. யாருக்குப் பயம், யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. உயரத்துக்குப் பயந்தவளைப்போலத் தலையைக் குனிந்து ஏறினேன். சொல்லியிருந்தாலும் கேட்கிற காது அந்தப் பந்தலில் இல்லை, எல்லோரும் அண்ணாந்து வீட்டின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு உன் குவார்ட்டர்ஸில் எல்லோரும் பாராட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோ பார்க்கிறவன் படியேற வேண்டியதில்லையே. இந்தப் படிகள் எப்படி வந்தன என்று உனக்கு யாரும் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டுத் தளத்தைவிட நம் தளம் தாழ்ந்துவிடக் கூடாது என்று உன் சித்தப்பா நீ வரைந்து அனுப்பிய பிளானுக்கு மேல் இன்னும் ஓர் அடி மண்ணைக் கொட்டினார். அந்த உயரத்துக்கு வாசலில் இருந்த இடத்தில் நான்கு படி வசதியாக வந்திருக்கும். கொத்தனார் முத்துச்சாமியும் அதை ஒத்துக்கொண்டார். "நாலு வச்சா காலுக்குச் சொகந்தாம்மா, ஆனா லாபம், நட்டம், லாபம், நட்டம்னுல்ல முடியுது, கடேசிப் படியில நட்டம் நிக்கலாமா" என்றார். பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிற உன் சித்தப்பா, குறி கேட்பதும் நாள் பார்ப்பதும் பாவம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், உடனே தலையாட்டிவிட்டார். ஐந்து வைத்தால் தெருவில் நீட்டும், ஆகவே மூன்று. ஒவ்வொன்றும் முழங்காலுக்குக் கொஞ்சம்தான் கீழே. இதை அவர் உனக்கு எழுதிக் கேட்டபோது, மூன்று படிதான் எலிவேஷனுக்கு எடுப்பாக இருக்கும் என்று நீயும் புதிதாக ஒரு படம் வரைந்து அனுப்பினாய். அந்தப் படத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை வரைந்திருக்கிறாய், இல்லாத காருக்கு ஒரு நிழல்கூரை வரைந்திருக்கிறாய், கைப்பிடி வரையவில்லை, ஒரு மனிதனையும் வரையவில்லை. அரசாங்கச் செலவில் படித்த படிப்பு என்று எனக்கு அப்போது தோன்றியது. கோபித்துக்கொள்ளாதே, உன்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள் என்றாலும் தாய் இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

மூன்று மாதமாக உன் அப்பா பூசைக்குத் தவிர வாசல் இறங்கவில்லை. அதுவும் நான் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். ஒரு சாயங்காலம்கூட வீட்டில் தங்காத மனிதர் இப்போது, "கடைவீதியில என்ன கெடக்கு, ஒரே தூசி" என்கிறார். நீ கடைசிக் கடிதத்தில் அப்பா இனி ஓய்வாக இருக்கட்டும் என்று எழுதியிருந்ததை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இறங்க முடியாத ஒருவரை மேலே உட்கார வைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பேர் வைக்க நம்மைப் போல் படித்தவர்களால்தான் முடியும். தோல் வியாபாரி அப்துல் வாஹித் பாயை உனக்குத் தெரியும், வாலிபத்திலிருந்து அவர்கள் இருவருக்கும் சாயங்காலம் என்றால் ஒரே பெஞ்சுதான். அவருக்கு இப்போது மூச்சிரைப்பு, ஏற முடியாது. ஆகையால் அவர் தெருவில் நிற்கிறார், இவர் வராந்தாவில் நிற்கிறார், இரண்டு பேரும் கத்துகிறார்கள். "எறங்கி வாய்யா ராயப்பு" என்பார் அவர். "நீ ஏறி வாய்யா பாய்" என்பார் இவர். "நான் ஏறுனா அப்புறம் நாலு பேரு சேந்துல்ல என்னைய எறக்கணும்" என்று பாய் இருமிக்கொண்டே சிரிப்பார். பாய்க்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை என்பதும், உன் அப்பா ராத்திரியில் எத்தனை முறை எழுகிறார் என்பதும் இந்தத் தெருவுக்கே இப்போது தெரியும். அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெரிய மனிதர்களை ஏலம் விடுகிறவர்களைப்போல் கத்த வைத்திருக்கிறது நம்முடைய எடுப்பான எலிவேஷன். இந்த வாரம் பாய் ஒருநாள்தான் வந்தார், வந்தவரும் கத்தத் தெம்பில்லாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

படியை இடித்துவிட்டு ஒரு சரிவு கட்டி, சுவரோரம் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்று நான் போன மாதம் சொன்னேன். உன் சித்தப்பா, "வீட்டு முகப்புல மாட்டுவண்டி ஏத்தப் போறீகளாக்கும் மதினி" என்றார். உன் அப்பா அதைவிட மேல். "நான் என்ன பொகையிலச் சிப்பமா, உருட்டி எறக்குறதுக்கு" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். நாற்பது வருடம் புகையிலைக் கிட்டங்கியில் சரக்கைப் பார்த்த மனிதர், சிப்பம் படியில் இடித்து உதிரக் கூடாது என்று கிட்டங்கி வாசலுக்கு அந்தக் காலத்திலேயே சரிவு கட்ட வைத்தவர் அவர்தான். இந்த ஊரில் புகையிலைக்கு இருக்கிற மரியாதை முழங்காலுக்கு இல்லை. நம் வீடு மட்டும் என்று நினைக்காதே. ஓய்வுபெற்ற வாத்தியார்கள் பென்ஷன் வாங்கப் போகிற ஓர் அலுவலகம் மாடியில் இருக்கிறது, கீழ்த்தளத்தில் பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். என் பள்ளிக்கூடத்துப் பழைய டீச்சர் இஞ்ஞாசியம்மாள் நடுப்படியில் உட்கார்ந்து இளைப்பாறியதற்கு, வழியை மறிக்கிறாள் என்று அங்கே ஒரு குமாஸ்தா அதட்டினானாம். வாசகசாலைக்கு வருகிற வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு வாசல்படியே வைக்காமல், சுவரெல்லாம் பிடிமானம் வைத்துக் கட்டியிருப்பதைப் படம் போட்டிருந்தார்கள். நம் ஓவர்சியர்களும் அந்த மாதிரிப் படங்களைத்தான் பார்க்கிறார்கள். தட்டையான கூரையை மட்டும் காப்பியடித்துவிட்டுப் பிடிமானத்தை விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் வயதே ஆகாது போலிருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. வயதாகிவிட்டது, கால் முடியவில்லை என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். இப்போதெல்லாம் பெரிய பங்களாக்களுக்குச் சரிவுதான் புது மோஸ்தர், படி பழைய காலம் என்று எழுது. பொய்தான், இல்லாத காருக்கு நீ வரைந்த நிழல்கூரையைவிடப் பெரிய பொய் இல்லை. நான் சொன்னால் அது அடுப்படிப் பேச்சு, இஞ்சினீயர் மகன் கையெழுத்தில் வந்தால் அதை வேதம்போல எடுத்துக்கொள்வார். பாய் இருக்கும்போதே அவர் ஒருநாள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், எனக்கு அது போதும். அங்கே தொழிலாளிகளுக்கு வீடு வரைகிறாயே, அவர்களுக்கும் அப்பா அம்மா ஊரிலிருந்து வருவார்கள். உன் படங்களில் இனிமேல் ஒரு மனிதனை வரை, அவன் கையில் ஒரு தடியும் கொடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியே தின்று வயிற்றைக் காயப்போடாதே. பூசைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைச் சித்தப்பாவுக்குத் தெரிய வைக்காதே, கிழித்துவிடு. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். அப்பாவுக்கு எழுத மறக்காதே, இந்த வாரமே எழுது.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
அன்னாள்

பி.கு. 20 ஆகஸ்ட். உறையை ஒட்டுவதற்குள் சேதி வந்துவிட்டது. இன்று விடியற்காலை வாஹித் பாய் மவுத்தாகிவிட்டார். அப்பாவுக்கு நான் தோளைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். சவரிராயன் நாற்காலியோடு தூக்க ஆள் கூப்பிட்டார், அதுவும் வேண்டாம் என்றார். மேல்படியில் உட்கார்ந்து, தெரு முழுக்கப் பார்த்திருக்க, உட்கார்ந்தபடியே மூன்று படியையும் நகர்ந்து இறங்கிப் போனார். அடக்கம் முடிந்து வந்தவர் வீட்டுக்குள் ஏறவில்லை. நாற்காலியைக் கேட்டு வாங்கித் தெருவில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முத்துச்சாமி படியை இடித்துக்கொண்டிருக்கிறார்.