அவர் நடக்கும் வரை

நவம்பர் 18

இன்று எழுந்து நின்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிசியோதெரபிப் பெண் பத்து எண்ணி முடிக்கும்வரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி ஒரு மனைவி கிடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றாள்.

சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனால் அவள் நினைத்த சந்தோஷம் வேறு. இவர் நடந்துவிட்டால் நான் போய்விடலாம்.

ஜூனிலேயே போயிருக்க வேண்டியது. அக்கா வீட்டுக்கு, ஒரேயடியாக. பெட்டிகூடக் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். பெட்டி பீரோவுக்கு மேலே போய்விட்டது.

என் அம்மா செத்த அன்று, "அப்ப மத்தியானத்துக்கு யார் சமைக்கிறது?" என்று கேட்ட மனுஷன் இவர். முப்பத்தேழு வருஷமும் அதே கதைதான். விட்டுப்போக எனக்கு மனசு உறுத்தாது. கிடையாய்க் கிடப்பவரை விட்டுப்போகத்தான் முடியவில்லை. இதற்குப் போய்த் தியாகம் என்கிறார்கள்.

நவம்பர் 23

மகன் போன் செய்தான். "நீ இருக்கிறதாலதான்மா நான் நிம்மதியா இருக்கேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

சொல்லாதே என்றேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பான். நன்றி சொல்லியே ஆளைக் கட்டிப்போடும் வித்தை அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளை எங்கேயோ கற்றுக்கொண்டுவிட்டான்.

டிசம்பர் 2

ஊன்றுகோலோடு கூடம்வரை போய்த் திரும்பினார். நான் பின்னால், அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு. காலையும் மாலையும் வாதம் தாக்கிய அந்தக் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறேன். என் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அறுபத்துமூன்று. கண்ணாடியில் பார்த்தால் என் அத்தை மாதிரி இருக்கிறேன் — எனக்குப் பிடிக்காத அத்தை.

இவர் குணமாக வேண்டும் என்று என் அளவுக்கு ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அது சத்தியம்.

டிசம்பர் 5

சமையலறையில் நின்று அக்காவிடம் பேசினேன். அறுபத்தொன்பது வயதில் தனியாக இருக்கிறாள். எனக்கென்று ஒரு அறையை ஒழித்துவைத்திருக்கிறாள்.

"தானா பாத்ரூம் போய்ட்டு வந்துட்டார்னா மறுநாளே கிளம்பிடுவேன்க்கா. புது வருஷம் உன் வீட்லதான்."

"மெதுவாப் பேசுடி, அவர் காதுல விழப்போகுது."

"தூங்குறார்."

பாத்திரம் கழுவும்போது தானாகப் பாட்டு வந்தது. ரொம்ப நாளாயிற்று.

டிசம்பர் 6

இன்று அந்தக் கால் அசையவே இல்லை.

டிசம்பர் 13

ஒரு வாரமாகப் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எல்லாம் மறுபடி படுக்கையிலேயே. டாக்டர் தட்டிப் பார்த்தார், கீறிப் பார்த்தார். "கால்ல பலம் இருக்கும்மா. மனசுதான் விட்டுப்போச்சு. நீங்கதான் நம்பிக்கை குடுக்கணும்."

நான் குடுக்கணுமாம். எங்கிட்ட எங்கே இருக்கு? இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அந்தக் கால்மேலதானே வெச்சிருந்தேன். அது நடக்கலைன்னா என் கதை என்ன — இதையெல்லாம் யாரிடம் கேட்பது. டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் கூடத்துத் தரையிலேயே கிடந்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வருஷத்துக்கு வர முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். "எனக்கும் வயசாகுதுடி" என்று போனை வைத்துவிட்டாள். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் வலிக்கிறது.

டிசம்பர் 29

மருந்துக்கடைக்குக் கிளம்பி, சீட்டை மறந்து, பாதி வழியில் திரும்பினேன். கூடத்தில் நாற்காலி காலி. ஊன்றுகோல் அதன் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடிக்காமல். பீரோ மேலிருந்த என் பெட்டியைக் கட்டில்மேல் இறக்கி, திறந்து, உள்ளே துணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். ஒன்றும் நடக்காததுபோல் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி மேலே வைத்தார். தினமும் நான் வைக்கிற மாதிரியே.

"காலைக் கீழே விடுங்க. பார்த்துட்டேன்."

காலைக் கீழே விடவில்லை. பிறகு, "நடந்தா நீ போயிடுவே" என்றார்.

அன்றைக்கு போனில் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் நான் தரையில் கிடந்தபோது எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. என் முதுகு போனாலும் அவருக்குப் பரவாயில்லை, நான் இருந்தால் போதும். முப்பது வயதில் இந்த வார்த்தை கிடைத்திருந்தால் அதை வைத்துக்கொண்டே பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். நான் வேண்டும் என்று ஒரு நாளாவது சொல்ல மாட்டாரா என்று ஏங்கிய பைத்தியக்காரிதானே நான். இப்போது கேட்டால் வயிறு எரிகிறது.

டிசம்பர் 30

கிளம்பப்போகிறேன் என்று மகனிடம் சொன்னேன். "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான். வேற எந்த வயசுடா மிச்சம் இருக்கு என்றேன். கொஞ்சம் யோசித்து, அப்பாவுக்கு ஓர் ஆள் போடலாம் என்றான். ஏழு மாதமாக வராத யோசனை ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

ஜனவரி 1

கிளம்பும்போது வாசல்வரை நடந்து வந்தார். ஊன்றுகோல் இல்லாமல். எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டு, "புது வருஷமும் அதுவுமா நடக்குறாரே, நீங்க பட்ட பாடு வீண்போகல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

"ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார்.

"பின்னாடி."

"சரி."

அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடுமோ என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

ஜனவரி 9

பிசியோதெரபிப் பெண் போன் செய்தாள். "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கலம்மா." நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். இன்னும் எத்தனை பேர் கேட்கப்போகிறார்களோ. அக்கா குறட்டை விடுகிறாள், ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்துகிறாள், சொன்னதையே சொல்கிறாள். இதுவும் சொர்க்கம் இல்லை.

மாலையில் இரண்டு பேரும் தெருக்கோடிவரை நடந்தோம். பாதியில் எனக்கு முழங்கால் வலித்து மூச்சு வாங்கியது. "மெதுவா வாடி. நமக்கு என்ன அவசரம்?" என்றாள் அக்கா.

"அவசரம்தான்க்கா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நடையை எட்டிப் போட்டாள்.