தைத்த கப்பல்

1934 நவம்பர் 12, திங்கள்

இரவெல்லாம் மழை. காலையில் தூறல். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று ஏன் வளைகிறது, மற்றது ஏன் நேராகவே கிடக்கிறது? இரண்டும் ஒரே மேசையில், ஒரே ஜன்னலுக்கு எதிரே. எனக்குத் தெரியவில்லை. பி.ஏ. பௌதிகத்தில் இந்தக் கேள்வி வரவில்லை.

கப்பல் பெட்டியின் கதையை எழுதிவைக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது எங்கள் பெண்கள் பள்ளி மானேஜரிடம் விட்டுப் போனது. சீமையில் இப்படிப் பெட்டியாகவே விற்கிறார்களாம். அடிமரம் ஒன்று, விலா எலும்பு மாதிரி வளைவுகள், மெல்லிய நீளப் பலகைகள், பாய்மரம் இரண்டு, வரைபடம். சேர்த்து ஒட்டினால் ஒன்றரை முழத்தில் ஒரு பாய்க்கப்பல். மானேஜர் முதலில் ஆண்கள் பள்ளிக்குக் கொடுத்தார். பாதி ஒட்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போன மாதக் கூட்டத்தில், தலைமையாசிரியை என்ற முறையில், பெண்களுக்குத் தச்சு வகுப்பு வேண்டும் என்று மறுபடியும் கேட்டேன். மானேஜர் சிரித்தார். "அந்த ஓட்டக் கப்பலை உங்க பொண்ணுங்க கட்டட்டும். பரிசளிப்பு அன்னிக்குத் தண்ணியில விடுங்க. ஜெபத்துல இருந்து நன்றியுரை வரைக்கும் மிதந்தா வகுப்பு நடத்திக்குங்க." எல்லோரும் சிரித்தார்கள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்லையா" என்றேன். சிரிப்பு நின்றது.

பரிசளிப்பு 24, சனி. மிதக்கும். கணக்கு சரியாகவே வருகிறது.

வாங்க: மண்ணெண்ணெய், விளக்குத் திரி, கண்ணாடிக்குப் புதுக் கயிறு.

13, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. பையன்கள் ஒட்டியதையெல்லாம் வெந்நீர் ஊற்றிப் பிரித்தேன். மூன்றாம் விலாவை ஐந்தாம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தை யாரும் பார்க்கவேயில்லை போலும்.

ஏழாம் வகுப்பில் ஆறு பெண்கள் மாலையில் தங்குகிறார்கள். தையல் டீச்சர் எஸ்தரும். எஸ்தர் திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வருபவர். பகுதிநேர வேலை, பீரியடுக்கு இவ்வளவு என்று சம்பளம். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்றார். ஐந்து நிமிடத்தில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த வகுப்புக்காக நான் ஏன் இப்படி நிற்கிறேன் என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். கல்லூரியில் சோதனை மேசையைச் சுற்றி மாணவர்கள் நிற்பார்கள், பெண்கள் நாங்கள் இருவர் பின்வரிசை. கருவி எதையும் தொடவில்லை. பார்த்து எழுதினோம். பரீட்சையில் நான்தான் முதல். இன்றுவரை ஒரு திருகாணியைக் கழற்றுமுன் எந்தப் பக்கம் என்று யோசிக்கிறேன். என் பெண்கள் யோசிக்கக் கூடாது.

எஸ்தர், "நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல டீச்சர்" என்றார். உண்மைதான். தலைவலி. சுக்குக் கஷாயம்.

15, வியாழன்

வஜ்ஜிரப் பசை காயவில்லை. மாட்டுத் தோலில் எடுத்துத் தச்சர்கள் காய்ச்சி ஒட்டும் அதே சரக்குதான். கடற்காற்று, மழை ஈரம். செவ்வாயன்று ஒட்டியது இன்னும் கொழகொழ. நாற்றம் வேறு. ஆறாம் வகுப்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு புவியியல் படித்தது.

ஆணி அடித்துப் பார்த்தோம். இரண்டு பலகை பிளந்தன. மிச்சப் பலகை அதிகமில்லை. ஆணி வேண்டாம்.

ரயில் நின்றுபோய் எஸ்தர் ஒரு மணி நேரம் தாமதம். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "எந்தப் பலகை இன்னிக்கு" என்றார்.

17, சனி

காலையில் பூட்டைத் திறந்த ஆயா கன்னியம்மா வாசலிலேயே நின்று கூப்பிட்டாள். "பெரிய டீச்சரம்மா, இன்னாம்மா உன் கப்பலு வாயப் பொளந்துகினு கீது?"

இடது பக்கப் பலகைகள் முழுவதும் கழன்று, வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தன. பசை இருந்த இடம் சுத்தம்.

"கரப்பான் துன்னுட்டு போயிருக்குது. வஜ்ஜிரம்னா அதுக்கு அல்வா. எங்க வூட்ல ஒரு தபா நாக்காலிய துன்னுது."

"நாற்காலியையா?"

"ஒட்டுனத துன்னுதும்மா. எம் புருஷன் குந்துனான், வுழுந்தான்."

பெண்கள் சிரித்து அடங்கவில்லை. நானும் சிரித்திருக்கலாம், சிரிப்பு வரவில்லை. மானேஜர் வராந்தாவில் போகிறவர் எட்டிப் பார்த்தார். "பி.ஏ. படிச்சவங்களுக்கு மரத்தோட என்ன சண்டை?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் பொறுக்கவில்லை. "சண்டை முடியலைங்க" என்றேன்.

இரவு கணக்கைத் திரும்பப் போட்டேன். மிதக்கும். பலகை கழன்று விழாமல் இருந்தால்.

18, ஞாயிறு

வெயில். ஆராதனை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் காசிமேட்டுக் கரைவழியே நடந்தேன். கரித்தூளும் கருவாடும் கலந்த காற்று. மணலில் மசூலாப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் படகு. கடல் அலையில் போய்வரும் அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். அலை மோதினால் வளைந்துகொடுக்கும், பிளக்காது. இதையும் நான் பள்ளியில் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். என் மேசைமேல் இருக்கும் கப்பலுக்கு இது பொருந்தும் என்று ஏன் தோன்றவில்லை? அது சீமைக் கப்பல், இது மசூலா என்று இரண்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை சரிசெய்துகொண்டிருந்தவர் கேட்டார், "இன்னாம்மா, படகு வாங்கப் போறியா?"

"கட்டப் போறேன்."

"ஆங், கட்டு கட்டு" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

கிட்டத்தட்ட ஓடிவந்தேன். இந்த வயதில், சர்ச் புடவையில்.

19, திங்கள்

மெல்லிய பலகையில் துளை போட்டால் பிளக்கும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அழுத்தினேன். துளை விழுந்தது, பிளவு இல்லை. சுற்றிலும் மெல்லிய கரிவளையம், பார்க்க அழகாகவே இருக்கிறது. வரிசை வரிசையாகத் துளை. மெழுகு தடவிய நூல். பெண்கள் யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் முன்னால் உட்கார்ந்தார், ஊசி தானாகப் போயிற்று. ஒரே மாலையில் இடது பக்கம் முழுவதும்.

வெளியே சுவர்மேல் ஆண்கள் பள்ளிக் கூட்டம். "இன்னா மே, கப்பலு தெய்க்கிறீங்களா, ரவிக்கை தெய்க்கிறீங்களா?"

பாக்கியம் என்ற பெண் தலை நிமிராமலே, "ரவிக்கை தெச்சாலும் பிரியாது. உங்கள மாதிரி பசையில ஒட்டுன கப்பலு எங்க கீது, கரப்பான் வயித்துல கீது" என்றாள். கண்டிக்கவேண்டியது. கண்டிக்கவில்லை.

20, செவ்வாய்

இருபுறமும் தைத்தாயிற்று. தகரத் தொட்டியில் விட்டோம். இடது பக்கம் சாய்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாக மூழ்கிற்று.

தவறு இரண்டு.

ஒன்று, கசிவு. மசூலாவில் தையலுக்கு அடியில் தேங்காய் நார் திணித்திருப்பார்கள். குனிந்து அவ்வளவு நேரம் பார்த்தேன், நூலை மட்டும் பார்த்திருக்கிறேன். நம் அளவுக்கு விளக்குத் திரி போதும்.

இரண்டாவது பெரிது. கப்பலே முறுக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து நிமிர்த்திப் பார்த்தால் முன்பக்கம் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கோடிக்குக் கோடி நூலை இறுக்கிப் பிடித்து, அந்த நூல்கோட்டில் அளந்தேன். பிறகு பெண்களை மிச்சப் பலகையில் தைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் சும்மா பார்த்தேன். புரிந்தது. புடவைக்கு ஓரம் அடிப்பதுபோல் எல்லோரும் வலது கோடியில் ஆரம்பித்து இடது கோடிவரை ஒரே போக்கில் இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறார்கள். துணி சுருங்கினால் தட்டிவிடலாம். மரம் சுருங்காது, திரும்பும். இரண்டு பக்கமும் அதே போக்கு, ஆக உடம்பே திருகிவிட்டது.

பிரிக்க வேண்டும் என்றேன். எஸ்தரின் முகம் சிவந்தது. "என் தையலைப் பதினொரு வருஷத்துல யாரும் பிரிக்கச் சொன்னதில்ல."

"தையல்ல குத்தம் இல்ல எஸ்தர். ஆரம்பிச்ச இடம்தான்."

"அது குத்தம் இல்லாம என்ன?"

கத்தரியை எடுத்து முதல் நூலை நானே வெட்டினேன். எஸ்தர் என் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டார். "நீங்க வெட்டுனா பலகையையும் வெட்டிடுவீங்க."

22, வியாழன்

நேற்று எழுதவில்லை. கை வலி.

எஸ்தரின் யோசனை: நடுவில் ஆரம்பித்து இரண்டு கோடிக்கும் ஒரே நேரத்தில் இரண்டு பேர். ஒரு தையல் இவள், ஒரு தையல் அவள். மற்றவர்கள் கப்பலை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் நூல்கோடு. "இழு. நிறுத்து. பாக்கியம், நீ ஒண்ணு பாக்கி." இப்படி இரண்டு மாலை. வேறு பேச்சே இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கும் வகுப்புகளில் இதுதான் நல்ல வகுப்பு.

கசிவை அடைக்கக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி உள்ளே பூசினோம். கன்னியம்மா வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒரு பிடி கொண்டுவந்தாள், நான் கேட்டிருந்தேன். எடை போட்டு, கப்பல் சாயாதபடி அடிமரத்தின் மேல் வைத்துக் கட்டினேன்.

நூல்கோடு: நேர்.

23, வெள்ளி

மேகம், மழை இல்லை. மாலை தொட்டியில் விட்டோம். நேராக நின்றது. இடதுபக்கம் ஒரு நெல் அளவு தாழ்வு, ஒரு குண்டை நகர்த்தினேன், சரி. கசிவு இருக்கிறது, மெதுவாக. ஒரு மணி நேரத்தில் உள்ளே ஏறும் தண்ணீரை அளந்தேன். நாளை விழா ஒன்றரை மணி நேரம். பேச்சாளர் நீட்டினால் இரண்டு. மூன்று என்றாலும் மூழ்காது.

எஸ்தர் தனியே ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் தண்ணீரை அளந்துகொண்டிருந்தேன். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

பாய்கள் பழைய வேட்டித் துணி. பெயர் எழுத வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். மிதக்கட்டும், பிறகு பெயர் என்றேன்.

24, சனி

வெயில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடைக்குக் கீழே தொட்டி. ஜெபத்துக்கு முன் ஆறு பெண்களும் சேர்ந்து கப்பலைத் தண்ணீரில் வைத்தார்கள். பாட்டு, அறிக்கை, பரிசுகள், பேச்சு. பேச்சாளர் நீட்டினார். பெற்றோர்களில் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தார்கள். பாக்கியத்தின் அப்பா துறைமுகத்திலிருந்து வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் தையலைக் காட்டி ஏதோ சொன்னார். நன்றியுரை முடிந்தது. கப்பல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நேராக இருந்தது.

மானேஜர் இறங்கி வந்து பாய்மரத்தை ஒரு விரலால் சாய்த்தார். விட்டார். எழுந்தது. இன்னும் சாய்த்தார். எழுந்தது.

"சரிதான்," என்றார். "சொன்ன சொல் சொன்னதுதான். வாரத்துக்கு ரெண்டு பீரியட்."

பெண்கள் கைதட்டினார்கள். நான் நன்றி சொன்னேன்.

"டைம்டேபிள்ல இடம் இல்ல. தையல்ல ரெண்டைக் குறைச்சுக்குங்க. அதான் இவ்வளவு நல்லா தைக்கிறாங்களே, இனி எதுக்கு அவ்வளவு?"

வேறு எதில் எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேதபாடத்தில் எடுக்க மாட்டார், கணக்கில் நான் விட மாட்டேன். பேச்சாளரை வழியனுப்பப் போய்விட்டார்.

எல்லோரும் போனபின் எஸ்தர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"நல்லா தைச்சதுக்கு எனக்கு ரெண்டு பீரியட் போச்சு."

"தச்சு வகுப்புக்கு டீச்சர் யாருன்னு அவர் சொல்லல. டீச்சரைப் போடுறது என் வேலை."

"நீங்கதானே எடுக்கப் போறீங்க?"

"நாம ரெண்டு பேரும். பீரியட் உங்க பேர்ல, சம்பளமும். திங்கள்கிழமை முதல் வகுப்பு."

"எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது டீச்சர்."

"போன மாசம் எனக்கும் தெரியாது."

"இப்ப தெரியுமா?"

"சுமாரா."

கடைசி நாற்காலியை வைத்துவிட்டுத் தொட்டியருகே வந்தார். புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் கப்பலைத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து, உள்ளேயிருந்த தண்ணீர் சொட்டி முடியும்வரை அப்படியே நின்றார்.