நாலு விரற்கடை உயரம்

அக்கா,

இன்று காலை லஸ் முனையில் பஸ்ஸுக்காக நின்றபோது முதலில் வந்தது வாசனைதான். கரிந்த ஆயிலும் ஈர மணலும் கலந்த வாசனை. வண்டியை வில் மாதிரி தாங்கும் கமான் பட்டைகள் கிறீச்சிடாமல் இருக்க, இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைத் துணியில் தோய்த்துத் தடவுவார்களே, அது. திரும்பிப் பார்த்தேன். மருந்துக் கடை ஓரமாக ஒரு ஜீப் நின்றது. பச்சை போய்ச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். பின்னால் கீரைக் கட்டுகளும் வாழைத்தாரும். யாருடையதோ என்று முகத்தைத் திருப்பப் போனவள், பின்பக்கத்துக்குக் கீழே அந்தப் படியைப் பார்த்துவிட்டேன். தட்டையான இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்த, கொஞ்சம் கோணலான படி.

நீங்கள் போய் இரண்டு கார்த்திகை ஆகிறது. உங்கள் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

எனக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. அடையாற்றில் உங்கள் மருத்துவமனைக்குப் என் பெரிய பையனின் காய்ச்சலுக்காக வந்தேன். எந்த வேளைக்கு எவ்வளவு சூடு, என்ன சாப்பிட்டான் என்று காய்கறிக் கணக்குக்குக் கீழேயே நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். “ஸ்கூல் எதுவரைக்கும்?” என்றீர்கள். அஞ்சாவதோடு நின்றது, மீதியெல்லாம் பொட்டலம் கட்டி வரும் பேப்பரில் படித்தது என்றேன். “புதன்கிழமை மத்தியானம் என்ன பண்ணுவே?” என்பது அடுத்த கேள்வி. அந்தப் புதன்கிழமையிலிருந்து திருவான்மியூரைத் தாண்டி இருந்த கடற்கரைக் குப்பத்துக்கு உங்களோடு வர ஆரம்பித்தேன். நீங்கள் பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் சீட்டில் எழுதுவேன்.

ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஜீப் அது. அதை நீங்களே ஓட்டினீர்கள். வெள்ளைப் புடவையின் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் கியரை இழுக்கும் அந்த அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் கூட ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அந்தம்மா ஓட்டறதப் பாத்தா ரோடே ஒதுங்கிக்கும் போலருக்கே” என்றார். அவர் வாயால் யாரையும் அதிகம் புகழ மாட்டார்.

முதல் மழைக்காலம் நமக்குப் பாடம் வைத்தது. ரோட்டுக்கும் குப்பத்துக்கும் நடுவே ஓர் ஓடை. கோடையில் வெறும் மணல். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் நடுவில் மேடும் இரண்டு பக்கமும் சக்கரம் புதையும் பள்ளமுமாக ஆகிவிடும். குப்பத்தில் நிறைமாதமாக இருந்த பாக்கியத்துக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து போனோம். ஓடையின் நடுவில் வண்டியின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் நடந்தீர்கள். எதிரே அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீருக்கு நடுவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவளை மீட்டீர்கள். குழந்தையை மீட்க முடியவில்லை.

மறுநாள் வண்டியை இழுத்துக் கரையேற்றியதும் அதன் அடியில் குனிந்தீர்கள். சேறு வழித்த தடம் எவ்வளவு உயரத்துக்கு இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தீர்கள். “நாலு விரற்கடை. இது இருந்திருந்தா தாண்டியிருப்போம்” என்றீர்கள். குரலில் அழுகை இல்லை. தையல்காரர் அளவு சொல்வது மாதிரி இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த வருஷம் ஆடியில் பாக்கியம் மறுபடி வயிற்றோடு உங்கள் முன்னால் வந்து நின்றாள். நாள் கணக்குப் பார்த்தால் ஐப்பசிக் கடைசி. நான் எழுதிய சீட்டை வாங்கி, அந்த மாதத்தின் பெயரை விரலால் தடவினீர்கள். அன்றைக்கே சைதாப்பேட்டைக்கு வண்டியைத் திருப்பினீர்கள்.

பட்டறை பாயை உங்களுக்கு நினைவிருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பேசுவார்.

“இன்னா டாக்டரம்மா, வண்டி குந்திகினு கீது. கமான் செத்துப்போச்சு.”

“நாலு விரற்கடை தூக்கணும் பாய்.”

“நாலு இன்னா, எட்டே தூக்கலாம். கமானுக்குக் கமான் புதுசா பட்டை சேத்துப் போட்டா ஒட்டகம் மாரி நிக்கும். ஆயுசுக்கும் எறங்காது.”

அவர் மூன்று வழி சொன்னார். ஒன்று, அந்தப் புதுப் பட்டை. இரண்டாவது, கமானை வண்டியோடு பிணைத்துத் தொங்கும் இரும்புகளை நீளமாகச் செய்து மாட்டுவது. சீக்கிரம் முடியும். மூன்றாவது, இருக்கிற பட்டைகளையே கழற்றி, நெருப்பிலிட்டு அடித்து, தளர்ந்த வில்லை மறுபடி வளைப்பது. “அத்த மட்டும் செய்யாதம்மா. அடுத்த மழைக்குள்ள திரும்பக் குந்திக்கும்” என்று அவரே கையை உதறினார்.

உயரம் என்றால் புதுப் பட்டைதான் என்று எனக்கே தோன்றியது. நீங்கள் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது” என்றார் பாய். “நமக்குத் தெரியாது பாய். நாம உக்காந்து போறோம். அவ படுத்துட்டுப் போவா” என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க வீட்ல பித்தளைக் குடம் இருக்கா?” என்று கேட்டீர்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “வயித்துல பிள்ளை தண்ணிக்குள்ளதானே இருக்கு? தண்ணியே சொல்லட்டும், எது தேவலைன்னு.”

இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று இன்றைக்கும் வியக்கிறேன். ஒவ்வொரு முறை கமானை மாற்றியதும் வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவீர்கள். குடத்தைக் கழுத்துவரை நிரப்பி, பின்னால் சாக்கை விரித்து அதன்மேல் வைப்போம். பக்கத்தில் நான். அதே வேகம், அதே நாலு மாட வீதி. திரும்பி வந்ததும் குடத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. துவரம்பருப்புக்கும் தனியாவுக்கும் நடுவில் அதையும் நான் குறித்து வைத்தேன்.

அந்தத் தண்ணீர்க் கஷ்டத்தில், தெருக் குழாயில் வரிசை நின்று பிடித்த குடத்தை ஜீப்பில் வைத்துச் சுற்றுவது என்றால் ஊர் சும்மா இருக்குமா? குளத்தோரத்துப் பூக்காரி கையைத் தட்டி, “இன்னா மாமி, கொடத்துக்கு ஊர்கோலமா? மேளம் சொல்லலியா?” என்றாள். என் மாமியார் வாசலை விட்டு நகரவே இல்லை. “நன்னாருக்குடீம்மா! கபாலி கூட வருஷத்துக்கு ஒருதரம்தான் இப்படிச் சுத்தறார். நம்மாத்துக் குடம் வாரத்துக்கு ஒருதரம் சுத்தறது!”

புதுப் பட்டை போட்ட வண்டி நிஜமாகவே ஒட்டகம் மாதிரி நின்றது. தெற்கு மாட வீதி திரும்புவதற்குள் என் புடவை தெப்பமாகிவிட்டது. ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து பேசியது. பட்டையைக் கழற்றச் சொன்னீர்கள். நீளத் தொங்கல் இரும்பு போட்டபோது குலுக்கல் குறைவுதான். ஆனால் குளத்து மூலையில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது பாருங்கள், நான் ஒரு மூலையில், குடம் ஒரு மூலையில். குடத்தின் இடுப்பு நசுங்கியது. மாமியார் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் பயம். சாயங்காலமே உங்கள் அடையாற்றுக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீரோடு வந்து இறங்கி, நீங்களே தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தீர்கள். “தப்பு என்னுதும்மா. திருப்பத்துல வேகம் குறைக்கல.” மாமியார் இரண்டு குடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, “காப்பி சாப்ட்டுட்டுப் போ” என்றார். உங்களை அவர் ‘நீ’ என்றது அன்றைக்குத்தான்.

கடைசியில் பாய் கையை உதறிய வழிதான் மிஞ்சியது. அடித்து வளைத்த பழைய பட்டை. சரியாக நாலு விரற்கடைதான் தூக்கியது, ஒரு நூல் கூட அதிகமில்லை. மாட வீதி சுற்றி வந்தபோது குடத்தின் கழுத்தில் தண்ணீர் ஆடியதே தவிர வெளியே சிந்தவில்லை.

“குந்திக்கும்மா, சொல்லிட்டேன்” என்றார் பாய்.

“உக்காந்தா திரும்ப அடிச்சுத் தூக்குங்க. வருஷா வருஷம் ஆவணியில வரேன்.”

வருஷா வருஷம் போனீர்கள். உழைக்கிற பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அடிக்கடி கெட்டுப்போவதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்த முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கஷ்டம் யாருக்கு வர வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். படுத்துப் போகிறவளுக்கு வேண்டாம், ஓட்டுகிறவளுக்கு வரட்டும். அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

நான் முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன் என்றேன். “நீ அம்மனைப் பாத்துக்கோ, நான் நட்டு போல்ட்டைப் பாத்துக்கறேன்” என்று சிரித்தீர்கள். ஆனால் முதல் தரம் வண்டி எடுத்தபோது சக்கரத்துக்கு அடியில் நான் வைத்த எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக ஏற்றித்தான் போனீர்கள்.

ஐப்பசிக் கடைசியில், மழை விடாத ஒரு பிற்பகல் ஆள் வந்தது. ஓடையில் தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம். நடு மேடு வரும்போது அடியில் தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தட்டவில்லை. ஏறி இறங்கி அந்தப் பக்கம் மணலில் நின்றோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்போதுதான் தெரிந்தது நாம் மறந்துபோனது. குடத்தை நாம் தூக்கித்தானே வைத்தோம்? நிறைமாதக்காரி ஏற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. முன்பே உயரமான வண்டி, இப்போது இன்னும் நாலு விரற்கடை. நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகித் தாவி ஏறுவீர்கள், நான் உங்கள் கையைப் பிடித்து ஏறுவேன். பாக்கியத்தால் காலைத் தூக்கவே முடியவில்லை. அவள் புருஷன் கடலில். வேறு ஆண்பிள்ளை தொட்டுத் தூக்க அவள் சம்மதிக்கவில்லை. கட்டிலைத் தேடினால், போன வருஷத்துக் கட்டிலை அன்றைக்கே கடலில் விட்டுவிட்டார்களாம். கரையில் கட்டுமரத்து மரங்கள் அவிழ்த்துப் போட்டபடி கிடந்தன. ஒன்றை உருட்டி வந்து படியாகப் போடலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், அவள் மாமியார் குறுக்கே வந்து நின்றாள்.

“மரத்து மேல பொம்பள கால் வெக்கறதா? எம்புள்ள அதுலதாம்மா கடலுக்குப் போவுது!”

நான் வாதாடியிருப்பேன். நேரமாகிறதே, உயிர் போகிறதே என்று கத்தியிருப்பேன். நீங்கள் அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்தீர்கள். “சரி ஆயா, மரத்த மிதிக்க வேணாம்” என்றீர்கள். என்னை உள்ளே ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் ஈர மணலில் ஒரு காலை மண்டியிட்டு மறு தொடையை மேடையாக வைத்து உட்கார்ந்தீர்கள்.

“கால் வை பாக்கியம்.”

“ஐயோ, டாக்டரம்மா மேலயா? பாவம் சுத்திக்கும்மா!”

“மரத்தத்தான் மிதிக்கக் கூடாது. என்னை மிதிக்கலாம். ஏறு.”

அவள் அழுதாள். வலி ஒன்று வந்து போயிற்று. கிழவி அவளை ஒரு பக்கம் தாங்கினாள். அவள் சேற்றுக் காலை உங்கள் தொடையில் வைத்தாள். நான் மேலிருந்து இழுத்தேன். அவள் முழுப் பாரமும் உங்கள் மேல் ஏறிய அந்த நொடியில் உங்கள் முகம் எனக்கு நேராக இருந்தது. பங்குனி விழாவில் சாமி தூக்குகிறவர்கள் தண்டு தோளில் அழுந்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி சிரிப்பார்களே, அதே முகம். அறுபத்துமூவரை வருஷா வருஷம் சேவித்தவள் நான். அன்றைக்குச் சேவித்ததை எந்த விழாவிலும் சேவித்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் பாக்கியத்தின் தலை என் மடியில் இருந்தது. அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். “மாமி, தொட்டில் மாரி கீது” என்றாள். பெண் குழந்தை, நல்ல கனம். பெரிய ஆஸ்பத்திரியின் நடையில் நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். உங்கள் வெள்ளைப் புடவையில் தொடைக்கு நேரே ஒரு பாதம் சேற்றில் பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெரிய.

அடுத்த நாள் பாயிடம் போய், கழற்றிப் போட்ட புதுப் பட்டை எங்கே என்று கேட்டீர்கள். “அப்பவே சொன்னேனே, அத்தப் போடுன்னு!” என்று அவர் துள்ளிக் குதித்தார். “போடத்தான் போறோம். மேல இல்ல, கீழ” என்றீர்கள். அதை வளைத்துத்தான் அந்தப் படி.

இன்று லஸ் முனையில் அதைத்தான் பார்த்தேன் அக்கா. வாழைத்தார் இறக்கிய தடம் அதன் மேல் வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் கால் வைத்த படி. நான் குனிந்து அதைத் தொட்டு, கோயில் வாசற்படியைத் தொட்டு ஒற்றிக்கொள்வது மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஓட்டுகிற ஆள் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

“இன்னா மாமி, ஜீப்புக்குக் கும்புடு போட்டுகினு கீறே? சாமி வண்டியா இது?”

“கமான் கொஞ்சம் எறங்கியிருக்கு பாருங்கோ. ஆவணியிலேயே அடிச்சுத் தூக்கியிருக்கணும்” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, எறங்கித்தான் கீது. உனக்கு எப்பிடி மாமி தெரியும்?”

வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டிய ஆயிலைக் கழுவாமலே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் கறை பட்டுவிட்டது. இருக்கட்டும். ஒரு கட்டிலோ நாற்காலியோ, மருமகளிடம் சொல்லும் ஒரு வார்த்தையோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும், இதன் குலுக்கல் யார் மேல் விழும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன். அந்த நசுங்கிய குடத்தைத் தட்டி நேராக்கச் சொல்லி எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நசுங்கிய இடம் என் இடுப்பில் சரியாக உட்காருகிறது அக்கா. அப்படியேதான் தண்ணீர் எடுத்து வருகிறேன்.