அருந்ததியைக் காணோம்

அன்பு மகன் அருண்குமாருக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்த மஸ்கட் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் வந்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சேதி. பக்கத்து வீட்டு ரஞ்சிதாவின் வீட்டுக்காரர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்திரையில் கொடும்பாளூரில் நம் சொந்தக்காரப் பொண்ணு வனிதா கல்யாணம் நடந்தது அல்லவா, பட்டப்பகலில் ஐயர் அருந்ததி காட்ட, பொண்ணும் மாப்பிள்ளையும் தெரியுது என்று தலையாட்ட, எல்லோரும் சிரித்தோம். பந்தியில் ஒரு பெரிய மனுசன் சும்மா இராமல், "ராத்திரியில பாத்தும் அது தெரியலைன்னா அந்த ஆளுக்கு ஆறு மாசந்தான்" என்று சொல்லித் தொலைத்தார். அன்று இருட்டியதும் உன் அப்பா வாசலில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தார். சப்தரிஷி ஏழு நட்சத்திரமும் தெரிந்ததாம், வசிட்டரை ஒட்டி இருக்கும் அந்தச் சின்னதை மட்டும் காணவில்லையாம். "வசிட்டர் இருக்காரு, அந்தம்மாவத்தான் காணோம்" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்ப் பார்க்கிறார். மேகம் மூடிய நாளில்தான் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆடிக்கு விதைக்கடலை வாங்கவில்லை, கேட்டால் யாருக்கு என்கிறார். மகன் தீபாவளிக்கு வருகிறான் என்று சொன்னேன், "அதுக்கு முன்னாடியே வரச் சொல்லு" என்றார்.

வயசானால் கண்ணில் புரை விழும், இலுப்பூரில் கண் முகாம் போடுகிறார்கள், போய்க் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் வாயைத் திறந்தார், "போயி, கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டா என்ன புள்ள பண்றது?" என்றார். வேறு வழி தெரியாமல், எனக்கும்தான் அருந்ததி தெரியவில்லை என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டேன். மனுசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. விடிந்ததும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு, மொதல்ல ஒன்னையக் காட்டணும்" என்று பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினார். போன பிறகுதான் முகாம் அடுத்த வாரம் என்று தெரிந்தது. கண்டிப்பாகப் போவோம், அதில் உனக்குக் கவலை வேண்டாம்.

ஆனால் நேற்று ஆட்டைக் கட்டுகிற சாக்கில் நான் தனியாகக் கொல்லைக்குப் போய், உண்மையிலேயே பார்த்தேன். வசிட்டர் தெரிந்தார். பக்கத்தில் ஒன்றுமே இல்லை, கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நான் சொன்ன பொய் இப்போது நிசமாகிவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதே. மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அங்கேயும் அதே வானம்தானே, நீயும் ஒரு தடவை பார். தெரியவில்லை என்றால் மறுநாளே கண் டாக்டரிடம் போ. ஆனால் அப்பா போனில் கேட்டால் தெரிகிறது என்றே சொல். நான் கேட்டாலும் அப்படியே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
செவந்தி நாகராசு