தண்ணீரை நிறுத்திக் கொடுத்த ஆள்

தஞ்சாவூர் ஜில்லா,
20-2-1973, செவ்வாய், பகல் பதினொரு மணி

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா எழுதுவது. சகல சௌபாக்கியமும் உனக்கு உண்டாகட்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். எனக்கு ஒரு சீக்கும் இல்லை. காலையில் நாலு இட்லி தின்றேன். மோர்மிளகாயைக் காயவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்பட்டு வா என்று இன்று உன் ஹாஸ்டலுக்குத் தந்தி வரும். அதைக் கொடுக்கத்தான் அப்பா போயிருக்கிறார். பொய்யைச் சொல்லி ஏன் பிள்ளையைப் பதற வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன சொன்னா வருவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தந்தி உன் கைக்கு வர எப்படியும் சாயங்காலமாகிவிடும், பொழுது சாய்ந்தபின் வார்டன் யாரையும் வெளியே விடமாட்டார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்து வை.

இந்தக் கடிதத்தை மோர்க்கார அம்சம் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வாள். அவள் தம்பி தங்கையன் திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். சாயங்காலத்துக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஏன் ஜன்னல் வழி என்று கேட்பாய். அப்பா வெளியே போகும்போது வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். கொல்லைக் கதவுக்கு, பொங்கல் கழிந்து நீ போன அன்றே ஆணி அடித்துவிட்டார். அம்சம் முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஐயா உங்கள உள்ள வச்சா பூட்டிட்டுப் போறாரு?" என்று வாயைப் பிளந்தாள். வீட்டுக்குள் மாமியார் இல்லாத குறையைப் பூட்டு தீர்த்துவைக்கிறது என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

பொங்கலுக்கு வந்த உன்னைப் பதினோரு நாள் போகவிடாமல் வைத்திருந்தாரே, கடைசியில் அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் உன்னைப் பஸ் ஏற்றினேன். இனி அப்படி முடியாது. இந்தத் தடவை நீ வாசற்படி மிதித்தால் உன் படிப்பு அதோடு போயிற்று. பரீட்சைக்கு இரண்டே மாதம் இருக்கிறது. டீச்சர் வேலை வந்துவிட்டால் உன் காலில் நீ நிற்பாய்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அப்போது பதினைந்து வயது, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் வந்ததுதான் உனக்குத் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

அறுபத்தொன்பதில் நடவுக் கூலித் தகராறு முற்றியிருந்த சமயம், பூவம்மாள் என்று ஒரு நடவுக்காரப் பெண் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தாள். கழுத்தை நெரித்திருந்தார்கள். பண்ணையார்கள், இது கூலியாட்கள் சங்கத்துக்காரன் வேலை என்றார்கள். சங்கத்துக்காரர்கள் பண்ணையார் வேலை என்றார்கள். அந்த நாளில் இந்த ஜில்லாவில் யார் செத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஸ்டேஷனில் அந்தக் கேஸை விசாரித்த அப்பாவும் அப்படியே நம்பினார். வேலைநிறுத்தத்தில் ஏன் வயலில் இறங்கினாய் என்று முதல் நாள் பூவம்மாளிடம் சத்தம் போட்ட மருதையனைப் பிடித்து உள்ளே போட்டார். அவன் உள்ளே இருக்கும்போதே இன்னும் இரண்டு பெண்கள் அதே மாதிரி செத்தார்கள். பழிக்குப் பழி என்று எழுதிவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் தேடுவதற்கு வாய்க்காலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மதகைத் திறந்து மூட ஊர் வைத்திருந்த ஆள் இராஜாங்கம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் அரைமணி மூடினாலே ஊரில் அரிவாள் வெட்டு விழும். அப்படியும் அப்பா சொன்னால் அவன் மூடுவான். அதனால் அப்பாவுக்கு அவன்மேல் அத்தனை பிரியம். நம் கொல்லையில் உட்கார்ந்து எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான்! நீதான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாய். "பாப்பாவ நல்லா படிக்க வைங்கம்மா" என்பான். மதகடியில் பிடித்த விரால் கொண்டுவந்து தருவான். நான் குழம்பு வைத்தேன், நாம் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

நாலாவதாக ஒருத்தியைக் காணவில்லை என்று தகவல் வந்து அப்பா சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் வடிந்து சேறு தெரிந்தது. மூடு என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அவள் வாய்க்காலில்தான் கிடக்கிறாள் என்றும் யாருக்கும் தெரியாது. ஏண்டா மூடினாய் என்று அப்பா கேட்டாராம். "நீங்க எப்படியும் மூடத்தானங்க ஐயா சொல்வீங்க" என்றானாம். அந்த ஒரு பேச்சில் மாட்டிக்கொண்டான். அவன் குடிசைக் கூரையில் நாலு பேருடைய தோடும் செருகியிருந்தது. ஏன் செய்தாய் என்று கோர்ட்டில் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

பேப்பரில் அப்பாவைக் கெட்டிக்காரர் என்று போட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, "எந்தக் கையால அவனுக்குச் சோறு போட்ட?" என்று என்னைக் கேட்டார். பிறகு, "என் புள்ள கையால தண்ணி குடிச்சானே" என்று சொல்லி அழுதார். இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மருதையனுக்குப் பதினாலு மாதம் வீணாகப் போயிற்று. ஸ்டேஷனில் வாங்கிய அடியில் வலது கை இன்றும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. போன மாதம் கரையில் எதிரே வந்தவன் ஒதுங்கி அப்பாவுக்கு வழி விட்டானாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார்.

இப்போது நீண்ட லீவில் இருக்கிறார். மேட்டூர் அடைத்து மூன்று வாரமாகிறது, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருந்தும் தினம் போய் ஒவ்வொரு மதகாகக் குனிந்து பார்த்துவிட்டு வருகிறார். இன்றும் தந்தியைக் கொடுத்துவிட்டு அங்கேதான் போவார். இராஜாங்கம் இருப்பது திருச்சி ஜெயிலில், நீ படிப்பதும் திருச்சியில். இதுதான் அவரை அரிக்கிறது. தூக்கு உறுதியாகிவிட்டது, சுவர் இருக்கிறது, காவல் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ பேரை அந்தச் சுவருக்குள் அனுப்பியவருக்கு அந்தச் சுவரில் நம்பிக்கை இல்லை.

என்னை உன்னோடு வந்து இருக்கச் சொல்லாதே. நான் தட்டில் போட்டு எதிரே உட்கார்ந்தால்தான் அவர் இரண்டு வாய் சாப்பிடுகிறார். ஆனால் மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நானே ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பத்து வருஷமாகத் தெரிந்த மனிதர். அவர் போன பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் இருந்தால் உனக்கும் இது ஒட்டிக்கொள்ளும். ஒருத்தி போதும்.

வியாழன் வரை பார்ப்பார். நீ வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை அவரே புறப்பட்டு வருவார். இதோடு தனிக் காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன். என் மகளை அவள் தகப்பனாரோடும் அனுப்பக் கூடாது என்று வார்டன் அம்மாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டிய புருஷனுக்கு எதிராக எழுத்தில் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நீ யோசிக்காமல் கொண்டுபோய்க் கொடு.

அப்பா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். கெஞ்சுவார், அழுதாலும் அழுவார். இறங்கி வராதே, கண்ணு. ஆனால் மாடி வராந்தாவில், அவர் கண்ணில் நன்றாகப் படும் இடத்தில் கொஞ்ச நேரம் நில். உடனே உள்ளே போய்விடாதே. நீ முழுசாக உயிரோடு இருப்பதை அவர் ஒரு முறை பார்க்கட்டும். பார்த்துவிட்டால் அன்று ஒரு இரவாவது அந்த மனிதர் தூங்குவார்.

நூறு வயது நன்றாக இரு.

உன் அம்மா,
கமலாம்பாள்